புட்சர்ஸ், லோஃப், ஸ்கூபி: லண்டன்காரர் சொல்லாமல் விடும் பாதி

கேள்வி இது: லண்டனில் வேலைக்குச் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. கூட வேலை பார்க்கும் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் “ஹேவ் எ புட்சர்ஸ் அட் திஸ்” என்கிறார், “யூஸ் யுவர் லோஃப்” என்கிறார், “ஐ ஹேவன்ட் காட் எ ஸ்கூபி” என்கிறார். யாரையோ சொல்லி “ஹீ இஸ் டெல்லிங் போர்க்கீஸ்” என்கிறார். அகராதியைப் புரட்டினால் கசாப்புக் கடைக்காரர், ரொட்டி, பன்றி என்று ஏதேதோ வருகிறது. இதையெல்லாம் எப்படிப் புரிந்துகொள்வது? நாமும் பேசலாமா?

முதலில் நான்குக்கும் விடை. முதலாவது, “இதைக் கொஞ்சம் பாருங்க.” இரண்டாவது, “மூளையை உபயோகிப்பா.” மூன்றாவது, “எனக்கு ஒண்ணுமே தெரியாது.” நான்காவது, “அவன் புளுகுறான்.” நான்கும் காக்னி ரைமிங் ஸ்லாங் என்கிற ஒரே பட்டறையில் செய்தவை. கிழக்கு லண்டன் உழைக்கும் மக்களின் பேச்சில் பிறந்து, பிறகு பிரிட்டன் முழுக்கப் பரவியது அது.

செய்முறை எளிது. ‘லுக்’ என்று சொல்ல வேண்டும். அதற்கு ரைம் ஆகிற சொல் ‘ஹுக்’. அந்த ஹுக்கில் முடிகிற, எல்லாருக்கும் தெரிந்த ஒரு தொடரை எடுக்கிறார்கள்: ‘புட்சர்ஸ் ஹுக்’, அதாவது கசாப்புக் கடையில் இறைச்சியைத் தொங்கவிடும் கொக்கி. இப்போது ‘லுக்’குக்குப் பதில் ‘புட்சர்ஸ் ஹுக்’. இதோடு விட்டிருந்தால் ஊகித்துவிடலாம். விடுவதில்லை, ரைம் இருக்கிற ‘ஹுக்’கை வெட்டிவிட்டு வெறும் ‘புட்சர்ஸ்’ஸை மட்டும் சொல்கிறார்கள். ‘ஹெட்’ என்ற தலைக்கு ‘லோஃப் ஆஃப் பிரெட்’, மிச்சம் ‘லோஃப்’. ‘க்ளூ’வுக்கு ‘ஸ்கூபி டூ’ என்ற கார்ட்டூன் நாய், மிச்சம் ‘ஸ்கூபி’. ‘லைஸ்’ என்ற பொய்களுக்கு ‘போர்க் பைஸ்’, அது ‘போர்க்கி பைஸ்’ ஆகி, கடைசியில் ‘போர்க்கீஸ்’.

ஆக, பொருளைத் திறக்கும் சாவி எந்தச் சொல்லோ அதுதான் வாயிலிருந்து வராத சொல். வாயிலிருந்து வருகிற சொல்லுக்கும் பொருளுக்கும் ஒலியிலும் உறவில்லை, அர்த்தத்திலும் உறவில்லை. இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் பெரும்பாலும் ‘ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ் என்றால் ஸ்டேர்ஸ்’ என்று முழுத் தொடராகவே கொடுக்கின்றன. அதை மனப்பாடம் செய்தவர் நேரில் வெறும் ‘ஆப்பிள்ஸ்’ என்று கேட்டதும் திண்டாடுவார். மாடிப்படிக்கு ‘ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்’ என்று இன்று நிஜமாகப் பேசுகிறவர்களும் குறைவு. சுற்றுலாக் கடையில் விற்கும் தேநீர்க் கோப்பைகளில்தான் அதிகம் காணலாம்.

ரைமை எங்கே தேடுவது என்பதில் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. நம் காது எதுகைக்குப் பழகியது. சொல்லின் முன்பகுதியில் இரண்டாம் எழுத்து ஒன்றினால் திருப்தியாகிவிடும். ஆங்கில ரைம் இருப்பது வாலில், நம் யாப்பில் இயைபு வரும் இடத்தில். கடைசியாக அழுத்தி உச்சரிக்கும் உயிரொலியில் தொடங்கி முடிவு வரை ஒன்றியிருக்க வேண்டும். அதுவும் பள்ளிக்கூடத்தில் நாம் படித்த உச்சரிப்பில் அல்ல, லண்டன்காரர் உச்சரிப்பில் ஒன்ற வேண்டும். இது தெரியாவிட்டால் பாதித் தொடர்களுக்கு ரைமே இல்லாததுபோலத் தோன்றும்.

உதாரணமாக, “யூ ஹேவிங் எ பபிள்?” என்றால் “என்ன, வெளையாடறியா?” என்று அர்த்தம். முழுத் தொடர் ‘பபிள் பாத்’. அது நிற்பது ‘லாஃப்’ என்ற சிரிப்புக்கு. பாத்துக்கும் லாஃபுக்கும் எங்கே ரைம் என்று கேட்கத் தோன்றும். காக்னி நாக்கில் ‘த்’ ஒலி ‘ஃப்’ ஆகிவிடும். ‘பாத்’ என்பது ‘பாஃப்’. இப்போது கச்சிதமாகப் பொருந்துகிறது. அதேபோல ஐந்து பவுண்ட் நோட்டுக்கு ‘லேடி கடைவா’, ஆங்கிலப் பழங்கதையில் வரும் ஒரு சீமாட்டி. ஐந்து பவுண்ட் ‘ஃபைவர்’ ஆயிற்றே என்றால், லண்டனில் சொல்லிறுதி ‘ர்’ ஒலிக்காது, அது ‘ஃபைவா’. பத்து பவுண்டான ‘டென்னர்’, ‘டென்னா’ ஆகி கார் பந்தய வீரர் ‘அயர்ட்டன் சென்னா’வுடன் சேர்கிறது. கடும் பசிக்கு ‘ஹேங்க் மார்வின்’, அவர் ஒரு கிட்டார் கலைஞர். ‘ஸ்டார்விங்’கில் உள்ள கடைசி ‘ங்’ உதிர்ந்து ‘ஸ்டார்வின்’ ஆனால்தான் ரைம் கிடைக்கும். பழைய சொற்களில் உச்சரிப்பே மாறிப்போன கதையும் உண்டு. விக்டோரியா காலத்தில் குதிரைக்கு ‘சேரிங் கிராஸ்’ என்றார்கள். அன்றைய லண்டனில் ‘கிராஸ்’ஸை ‘க்ராஆஸ்’ என்று ஓகாரம் கலந்து நீட்டியதால் அது ‘ஹார்ஸ்’ஸோடு ஒத்தது. இன்றைய உச்சரிப்பில் ஒட்டாது, வழக்கிலும் இல்லை.

ஒரு வாக்கியத்தை எடுத்துப் பிரித்துப் பார்த்தால் முறை பிடிபடும். சந்தையில் ஒருவர் இன்னொருவரிடம் சொல்கிறார்: “ஹேவ் எ புட்சர்ஸ் அட் ஹிஸ் கெட்டில். இட்ஸ் எ செக்ஸ்டன் பிளேக்.” கசாப்புக்காரர், கெண்டி, ஒரு ஆள் பெயர். முதல் வேலை, சம்பந்தமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கும் பெயர்ச்சொல்லைக் கண்டுபிடிப்பது. அடுத்து, அது உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்ப்பது. ‘ஹேவ் எ ... அட்’ என்ற சட்டகத்தில் ஆங்கிலத்தில் இயல்பாக வருவது ‘லுக்’. ஆக ரைம் தெரியாமலேயே முதல் சொல் விழுந்துவிட்டது. ‘ஹிஸ் கெட்டில்’ என்றால் அவனிடம் இருக்கிற, பார்க்கக்கூடிய ஒரு பொருள். இங்கே ரைமை மட்டும் நம்பினால் சிக்கிக்கொள்வோம். முழுத் தொடர் ‘கெட்டில் அண்ட் ஹாப்’. ‘ஹாப்’ என்பது கெண்டியை வைத்துச் சூடாக்கும் அடுப்புத் திட்டு. அதற்கு ரைம் ‘ஃபாப்’, கோட்டுப் பையில் சங்கிலியோடு தொங்கிய அந்தக் காலக் கடிகாரம். சங்கிலிக் கடிகாரம் போய்க் கைக்கடிகாரம் வந்தது. சொல் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. அதனால் இன்று கெட்டில் என்றால் வாட்ச். ‘வாட்ச்’ என்ற சொல்லோடு ரைம் தேடினால் ஒருநாளும் கிடைக்காது. கடைசியில் ‘செக்ஸ்டன் பிளேக்’, பழைய கதைகளில் வந்த துப்பறிவாளர். ‘பிளேக்’குக்கு ரைம் ‘ஃபேக்’. “அவன் வாட்ச்சைப் பாரு, டூப்ளிகேட்.”

எதை வெட்டுவது, எதை வெட்டக்கூடாது என்பதற்கு விதி கிடையாது, பழக்கம்தான். நண்பரை ‘மை ஓல்ட் சைனா’ என்பார்கள். ‘சைனா ப்ளேட்’ நிற்பது ‘மேட்’டுக்கு, ப்ளேட்டை யாரும் சொல்வதில்லை. தலைமுடிக்கு ‘பார்னெட்’, வட லண்டனில் பார்னெட் என்ற இடத்தில் நடந்த சந்தையான ‘பார்னெட் ஃபேர்’, ‘ஹேர்’. முகத்துக்கு ‘போட்’, முழுசாக ‘போட் ரேஸ்’. கோட்டு சூட்டுக்கு ‘விசில்’, ‘விசில் அண்ட் ஃப்ளூட்’. காலுக்கு ‘ப்ளேட்ஸ்’, ‘ப்ளேட்ஸ் ஆஃப் மீட்’ என்பதிலிருந்து. தொப்பிக்கு ‘டிட் ஃபார் டாட்’. அது பாதியில் வெட்டுப்பட்டு ‘டிட்ஃபர்’ என்று புதுச் சொல்லாகவே ஆகிவிட்டது. தொலைபேசி ‘டாக் அண்ட் போன்’, அதாவது நாயும் எலும்பும். “ஹீ இஸ் ஆல்வேஸ் ஆன் த டாக்” என்றால் எப்போதும் ஃபோனும் கையுமாக இருக்கிறான் என்று பொருள். ஆனால் திருடனை ‘டீ லீஃப்’ என்று முழுசாகத்தான் சொல்ல வேண்டும். வெறும் ‘டீ’ என்றால் யாருக்கும் புரியாது. கார் எப்போதும் ‘ஜாம் ஜார்’. செத்துப்போனது ‘பிரவுன் பிரெட்’, இதையும் வெட்டுவதில்லை. இதில் ஒரு எச்சரிக்கை: செத்துப்போன பேட்டரிக்கும், மேலிடம் கைவிட்ட திட்டத்துக்கும் ‘பிரவுன் பிரெட்’ சொல்லலாம், துக்க வீட்டில் சொன்னால் அடி விழும்.

பெயர்ச்சொற்கள் மட்டுமல்ல, வினைகளும் இருக்கின்றன. “வுட் யூ ஆடம் அண்ட் ஈவ் இட்?” என்றால் “நம்ப முடியுதா?” ‘பிலீவ்’ என்பதற்கு அந்த ஆதாம் ஏவாள். ‘பின்ச்’ என்ற களவுக்கு ‘ஹாஃப் இன்ச்’: “சம்படி ஹாஃப்-இன்ச்ட் மை பென்”, என் பேனாவை யாரோ சுட்டுட்டாங்க. ஓயாமல் பேசுவதற்கு ‘ராபிட்’: ‘ராபிட் அண்ட் போர்க்’ நிற்பது ‘டாக்’ என்ற பேச்சுக்கு. “ஷீ ராபிட்ஸ் ஆன்” என்று தாராளமாக இடம், காலம் எல்லாம் ஏற்றிப் பேசுவார்கள். கையில் காசில்லாத நிலைக்கு ‘ப்ராசிக்’. ‘போராசிக் லிண்ட்’ என்பது புண்ணுக்குக் கட்டும் மருந்துத் துணி, ‘ஸ்கின்ட்’ என்றால் ஓட்டாண்டி. போராசிக், பேச்சில் தேய்ந்து ப்ராசிக் ஆனது. இந்த அளவுக்குத் தேய்ந்தபின் அதில் ரைம் இருந்ததென்றே பேசுகிறவருக்கு நினைவிருக்காது. ‘ஆன் மை டாட்’ என்றால் தன்னந்தனியாக. அமெரிக்கக் குதிரைப் பந்தய ஜாக்கி டாட் ஸ்லோன் பெயர் அது, ‘ஸ்லோன்’, ‘ஓன்’. 1933-இல் இறந்துபோன அவரை இன்று யாருக்கும் தெரியாது. சொல்லை எல்லாருக்கும் தெரியும்.

உண்மையில் கவனம் வேண்டிய இடம் வேறு. பிரிட்டனில் நாசூக்கானவர்கள்கூட வாய்கூசாமல் சொல்லும் சில சொற்களின் வெட்டுப்பட்ட பாதி படு ஆபாசம். ‘பெர்க்’ என்றால் மடையன். தொலைக்காட்சியில், குடும்பத்தில், சாதாரணமாக வரும். அதன் முழு வடிவம் ‘பெர்க்லி ஹன்ட்’, ஒரு நரிவேட்டைக் குழுவின் பெயர். ‘ஹன்ட்’டோடு ரைம் ஆவது பெண்ணுறுப்பைக் குறிக்கும், ஆங்கிலத்தின் மிகக் கடுமையான வசைச்சொல். ‘எ லோட் ஆஃப் ஓல்ட் காப்ளர்ஸ்’ என்றால் சுத்த உளறல். செருப்புத் தைப்பவரின் ஊசிகளான ‘காப்ளர்ஸ் ஆல்ஸ்’ நிற்பது ‘பால்ஸ்’ என்ற ஆண்விதைகளுக்கு. உதட்டைப் பிதுக்கி ‘புர்ர்’ என்று கேலியாக ஒலி எழுப்புவதை ‘ப்ளோயிங் எ ராஸ்பெரி’ என்கிறோம், குழந்தைக்கும் செய்து காட்டுகிறோம். அது ‘ராஸ்பெரி டார்ட்’, அதாவது குசு. கேலி செய்வதற்கு ‘டேக்கிங் த மிக்கி’: ‘மிக்கி ப்ளிஸ்’ என்பதிலிருந்து வந்தது என்பதே பரவலாக ஏற்கப்படும் விளக்கம், அது நிற்பது ‘பிஸ்’ என்ற மூத்திரத்துக்கு.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது ‘ஆரிஸ்’. பின்பக்கத்தைக் குறிக்கும் கொச்சைச் சொல் ‘ஆர்ஸ்’. அதற்கு ‘பாட்டில் அண்ட் க்ளாஸ்’. லண்டன் உச்சரிப்பில் ‘க்ளாஸ்’ ஆகாரம் நீண்டு வருவதால் பொருந்தும். வெட்டினால் ‘பாட்டில்’. எல்லாருக்கும் புரிந்துவிட்டதால் இந்தப் ‘பாட்டிலை’யே மறைக்க இன்னொரு சுற்று: ‘பாட்டில்’, ‘அரிஸ்டாட்டில்’. அதையும் வெட்டி ‘ஆரிஸ்’. சுற்றி வந்து தொடங்கிய சொல்லின் ஒலிக்கே கிட்டத்தட்ட வந்துவிட்டது. அதோடும் நிற்கவில்லை, ‘ஆரிஸ்’ஸுக்கு ‘ப்ளாஸ்டர் ஆஃப் பாரிஸ்’ என்று சிலர் மூன்றாம் சுற்றும் போனார்கள். கிரேக்க தத்துவ ஞானியை இந்த வேலைக்கு இழுத்தவர்களை என்ன சொல்ல!

இதனால் நடைமுறையில் என்ன? ‘லோஃப்’, ‘புட்சர்ஸ்’, ‘போர்க்கீஸ்’, ‘பார்னெட்’, ‘ஸ்கூபி’ ஆகியவற்றை அலுவலகத்தில் தயங்காமல் கேட்கலாம், பழகியபின் சொல்லவும் சொல்லலாம். ‘காப்ளர்ஸ்’, ‘பெர்க்’ இரண்டையும் மேலதிகாரியிடம் வேண்டாம். பழைய தலைமுறையில் மூலம் தெரிந்தவர் இருப்பார். இனத்தையும் உடற்குறையையும் பால் விருப்பத்தையும் வைத்துச் செய்த ரைம்கள் நிறைய இருக்கின்றன. அவற்றை இங்கே பட்டியலிடவில்லை. கேட்க வேடிக்கையாக இருந்தாலும் அவை இழிசொற்கள்தான். ‘பபிள்’ என்பதற்கே இரண்டாவது பொருள் ஒன்று உண்டு: ‘பபிள் அண்ட் ஸ்க்வீக்’, கிரேக்கர். சிரிப்பு என்று நினைத்து ஒரு கிரேக்கர் முன்னால் சொல்லி வைத்தால் வம்பு. அமெரிக்கரைக் குறிக்கும் ‘செப்டிக்’ இன்னும் மோசம். ‘யாங்க்’குக்கு ‘செப்டிக் டாங்க்’, மலக்குழி.

ஒரே சொல் இரண்டு வேலை செய்வது இன்னும் பல இடங்களில் காலை வாரும். ‘போனி’யைப் பாருங்கள். “இட் காஸ்ட் மீ எ போனி” என்றால் இருபத்தைந்து பவுண்ட் ஆனது. “இட்ஸ் எ பிட் போனி” என்றால் சரக்கு மட்டம்; ‘போனி அண்ட் ட்ராப்’ நிற்பது ‘க்ராப்’புக்கு. ‘எ பிட்’ முன்னால் வந்தால் பெயரடை, அதாவது மட்டம். ‘காஸ்ட்’, ‘லென்ட்’ முன்னால் வந்தால் பணம். ‘டூயிங் பேர்ட்’ என்றால் சிறையில் இருக்கிறான்: ‘பேர்ட் லைம்’, ‘டைம்’. ‘ஹிஸ் பேர்ட்’ என்றால் அவனுடைய காதலி, அதில் ரைமே இல்லை, அது வேறு கொச்சை, பெண்களுக்குப் பிடிக்காத கொச்சை. ‘டாம்’ நகையாகவும் இருக்கலாம், ‘டாம்ஃபூலரி’, ‘ஜூவெல்லரி’. மலம் கழிப்பதாகவும் இருக்கலாம், ‘டாம் டிட்’. ‘ப்ராம்ஸ் அண்ட் லிஸ்ட்’ என்று இரண்டு இசையமைப்பாளர் பெயர் வந்தால் ஆள் நல்ல போதையில் இருக்கிறார். அது நிற்கும் ‘பிஸ்ட்’ பிரிட்டனில் குடிவெறி, அமெரிக்காவில் கோபம்.

பணச் சொற்களில் ரைமும் ரைமல்லாததும் கலந்திருக்கும். ஐந்துக்கும் பத்துக்கும் மேலே சொன்னேன். ஆயிரத்துக்கு ‘பேக் ஆஃப் சாண்ட்’, ‘கிராண்ட்’. மொத்தமாகக் காசுக்கு ‘சாஸேஜ் அண்ட் மாஷ்’, ‘காஷ்’. இருபதுக்கான ‘ஸ்கோர்’, இருபத்தைந்துக்கான ‘போனி’, ஐந்நூறுக்கான ‘மங்கி’ மூன்றும் ரைம் அல்ல. மங்கிக்கு ஒரு கதை சுற்றுகிறது: பிரிட்டிஷ் இந்தியாவின் ஐந்நூறு ரூபாய் நோட்டில் குரங்குப் படம் இருந்ததாம், திரும்பிப் போன சிப்பாய்கள் சொல்லைக் கொண்டுபோனார்களாம். கேட்க அழகாக இருக்கிறது, சான்று இல்லை. 2009-இல் கிழக்கு லண்டனில் சில ஏடிஎம் இயந்திரங்களில் காக்னியை ஒரு மொழித் தேர்வாகவே வைத்தார்கள். பின் நம்பர் கேட்கும் இடத்தில் ‘ஹக்கிள்பெரி ஃபின்’, பத்து பவுண்டுக்கு ‘ஸ்பெக்கிள்ட் ஹென்’ என்று திரையில் வந்தது. விளம்பரத்துக்காகச் செய்த கூத்து; பின் நம்பருக்கு அப்படி யாரும் தெருவில் சொல்வதில்லை. பட்டியல்களில் பாதி இந்த ரகம்தான். கேட்டவுடன் செய்து ஒட்டிய ரைமையும் நூறாண்டு வழக்கில் இருக்கும் ரைமையும் ஒரே வரிசையில் வைத்துவிடுகிறார்கள்.

தோற்றம் பற்றிக் கேட்காமலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் தவறான தகவல் அதிகம். 1859-இல் லண்டன் பதிப்பாளர் ஜான் கேம்டன் ஹாட்டன் வெளியிட்ட கொச்சைச்சொல் அகராதியில் ரைமிங் ஸ்லாங்குக்குத் தனிப் பகுதி இருக்கிறது. பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வந்தது என்று அவர் எழுதுகிறார். கணக்குப் போட்டால் 1840-களின் நடு. தெருவில் பாட்டுத்தாள் விற்றவர்களும் கூவிக் கதையளந்து சரக்கு விற்றவர்களும் பேசியதாகச் சொல்கிறார். போலீஸுக்குப் புரியாமலிருக்கத் திருடர்கள் உண்டாக்கிய ரகசிய மொழி என்பது எல்லாரும் சொல்வது. ஆனால் ரகசிய மொழி வேண்டியவன் ‘மாடிப்படி’க்கும் ‘தேநீரு’க்கும் சங்கேதம் செய்யமாட்டான். இதில் பெரும்பகுதி வார்த்தை விளையாட்டு, கூட்டத்துக்குள் இருப்பவனையும் வெளியே இருப்பவனையும் பிரித்துக் காட்டும் விளையாட்டு. தள்ளுவண்டிக் காய்கறி வியாபாரிகளுக்கு வேறு வழி இருந்தது, சொல்லைத் திருப்பிப் போடுவது. ‘பாய்’ என்பதைத் திருப்பிய ‘யாப்’ இன்று ரவுடிப் பையனைக் குறிக்கும் சாதாரண ஆங்கிலச் சொல்.

செயின்ட் மேரி-லெ-போ தேவாலய மணியோசை கேட்கும் தூரத்தில் பிறந்தவர்தான் காக்னி என்பது மரபு. அந்தத் தேவாலயம் இருப்பது கிழக்கு லண்டனில் இல்லை, வணிகப் பகுதியான சீப்சைடில். 1941 மே மாதக் குண்டுவீச்சில் மணிகள் அழிந்து, 1961 வரை அங்கே மணியே அடிக்கவில்லை. கறாராகப் பார்த்தால் அந்த இருபது ஆண்டில் ஒரு காக்னிகூடப் பிறக்கவில்லை!

இன்னொரு பொதுவான பிழை, பிரிட்டிஷ் கொச்சையில் எதைக் கண்டாலும் ரைம் என்று சொல்வது. ஓடிப்போவதற்கான ‘ஸ்கார்ப்பர்’ பெரும்பாலும் இத்தாலிய ‘ஸ்காப்பாரே’யிலிருந்து வந்தது, ஸ்காட்லாந்துக் கடற்படைத் துறைமுகமான ‘ஸ்காப்பா ஃப்ளோ’, ‘கோ’ என்ற ரைம் பிற்பாடு அதற்கு வலு சேர்த்தது. ‘நாக்கர்ட்’, ‘சஃப்ட்’, ‘கட்டட்’, ‘க்விட்’ எதிலும் ரைம் கிடையாது. களைத்துப்போனவர், பூரித்துப்போனவர், மனம் நொந்தவர், ஒரு பவுண்ட், அவ்வளவுதான்.

புதிய ரைம்கள் இன்றும் பிறக்கின்றன, பெரும்பாலும் பிரபலங்களின் பெயரில். இவற்றில் நீடித்து நிற்பது ‘ரூபி’. பெல்ஃபாஸ்ட் பாடகி ரூபி மரே 1955-இல் ஒரே வாரத்தில் ஐந்து பாடல்களை பிரிட்டனின் முதல் இருபதுக்குள் வைத்திருந்தவர். ‘மரே’யை அவர்கள் ‘மர்ரி’ என்று சொல்வதால் ‘கர்ரி’. “ஃபேன்ஸி எ ரூபி டுநைட்?” என்றால் கறி சாப்பிடப் போகலாமா என்று அழைப்பு, சக ஊழியர் அழைத்தால் போய்விடுங்கள், வெள்ளிக்கிழமை மாலைகளில் நட்பு அங்கேதான் பழுக்கும். எல்லாம் கெட்டுப்போனால் “இட்ஸ் ஆல் கான் பீட் டாங்”. பீட் டாங் ஒரு வானொலி டிஜே, ரைம் ‘ராங்’. பல்கலைக்கழகங்களில் ‘டெஸ்மண்ட்’ என்றால் இரண்டாம் வகுப்பின் கீழ்ப்பிரிவு. அதை ‘டூ-டூ’ என்று படிப்பார்கள், தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு உதவிக்கு வந்தார். முதல் வகுப்பு ‘டேமியன்’, ஓவியர் டேமியன் ஹர்ஸ்ட். பையன் டெஸ்மண்ட் வாங்கினான் என்று யாராவது சொன்னால் வாழ்த்தும்போது குரலைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியாவுக்கு மாற்றலாகிப் போனால் இந்தப் பட்டியலை அப்படியே கொண்டுபோகாதீர்கள். அங்கே பார்ப்பதற்கு ‘கேப்டன் குக்’. ‘புட்சர்ஸ்’ அங்கே ‘க்ரூக்’கைக் குறிக்கும், அதாவது உடம்பு சரியில்லை அல்லது கோபம். தக்காளி சாஸ் ‘டெட் ஹார்ஸ்’. சாப்பாட்டு மேஜையில் கேட்டால் பயப்பட வேண்டாம். சுறாமீன் ‘நோவா’, நோவாவின் பேழை வழியாக.

எப்படிப் பேசிப் பழகுவது என்று கேட்டிருந்தீர்கள். குறுக்குவழி ஒன்றுதான்: சொல்லைத் தனியாகக் கற்காமல் அது வரும் வாக்கியத்தோடு கற்க வேண்டும். ‘லோஃப்’ என்றால் தலை என்று எழுதி வைத்தால் “மை லோஃப் ஹர்ட்ஸ்” என்று சொல்லத் தோன்றும். யாரும் அப்படிச் சொல்வதில்லை. அது ‘யூஸ் யுவர்’ என்ற இரண்டு சொல்லோடு மட்டுமே இன்று உயிரோடு இருக்கிறது. ‘ஸ்கூபி’ எதிர்மறையோடுதான் வரும். ‘ஐ ஹேவ் எ ஸ்கூபி’ கேட்க விநோதமாக இருக்கும். ‘டிக்கி பேர்ட்’ என்ற ‘வேர்ட்’ ஏறக்குறைய ‘நாட் எ’ என்பதோடு மட்டும்: ஒரு வார்த்தை பேசலை. ஒரு வாக்கியத்தில் ஒன்றுக்கு மேல் போடாதீர்கள், மூன்று சேர்த்தால் சினிமாவில் வரும் லண்டன்காரர் ஆகிவிடுவீர்கள். உச்சரிப்பைக் காக்னியாக மாற்றவும் வேண்டாம். வேற்று ஊர்க்காரர் அப்படிச் செய்தால் நையாண்டி என்றே எடுத்துக்கொள்வார்கள். நம் உச்சரிப்பில் போகிறபோக்கில் ‘லெட் மீ ஹேவ் எ புட்சர்ஸ்’ என்றால் போதும்.

வயதையும் இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். போருக்குப் பிறகு கிழக்கு லண்டன் மக்களில் பெருந்திரள் எசெக்ஸ் பக்கம் குடிபெயர்ந்தது. 1947-இல் ஹார்லோ, 1949-இல் பேசில்டன் என்று புதுநகரங்கள் அறிவிக்கப்பட்டன. எனவே பழைய காக்னி இன்று அதிகம் கேட்பது அங்கேயும் கென்ட்டிலும்தான். தமிழ்க்கடைகள் வரிசைகட்டி நிற்கும் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் பேசுவது வேறு. ‘வாக்வான்’, ‘பெங்’, ‘மான்டெம்’, ‘என்ட்ஸ்’ என்று காதில் விழும். என்ன விசேஷம், அருமை, நம்ம பசங்க கூட்டம், நம்ம ஏரியா. கரீபியத் தீவுக் குடும்பங்களின் பேச்சும் பல புலம்பெயர் சமூகங்களின் ஆங்கிலமும் கலந்து உருவானது அது. ‘வாக்வான்’, ஜமைக்காக்காரர் நாக்கில் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’. உங்கள் பிள்ளை அப்படி ஒன்றைச் சொன்னால் ரைம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாமல் நேராக அதையே கேட்டுவிடுங்கள்.